பேச்சுப் பக்கத்தில் என்ன எழுதினால் கட்டுரையும் தேறும், எழுதியவரும் தங்குவார்?

கேள்வி இது. (பேச்சுப் பக்கம் என்பது விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பயனருக்கும் இருக்கும் உரையாடல் பக்கம்.) பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் சில மாதங்களாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிவருகிறார். கூட வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களையும் எழுத வைத்திருக்கிறார். இப்போது அவர்கள் "நான் எழுதியதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் முகம் வாடுகிறது. சொல்லாமல் விட்டால் வேறொருவர் வந்து கட்டுரையின் தலையில் துப்புரவு வார்ப்புருவை, அதாவது குறையைச் சுட்டும் ஆயத்த அறிவிப்புப் பெட்டியை, வைத்துவிட்டுப் போகிறார். ஒருவர் எழுதுவதையே விட்டுவிட்டார். எப்படித்தான் கருத்துச் சொல்வது?

என் பதில்: எவ்வளவு நயமாகச் சொன்னோம் என்று பார்க்காதீர்கள். உங்கள் குறிப்பைப் படித்து முடித்ததும், எழுதியவருக்கு அடுத்து எந்த வரியில் கை வைக்க வேண்டும் என்று தெரிகிறதா? அதைப் பாருங்கள். தெரிந்தால் சற்றுக் கறாரான குறிப்பும் வேலை செய்யும். தெரியாவிட்டால் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அவர் குழம்பித்தான் போவார்.

உங்கள் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. தொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலைப் பற்றி ஒரு புதியவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி இப்படி இருக்கிறது: "சோழர்களால் கட்டப்பட்ட, 1000 ஆண்டுகள் பழமையான, மிகவும் புகழ்பெற்ற அழகிய சிவன் கோயில் இது." இதற்கு வழக்கமாக வரும் எதிர்வினைகள் இரண்டு. ஒருவர் "சான்று தேவை", "கலைக்களஞ்சிய நடை இல்லை" என்று இரண்டு வார்ப்புருக்களை இட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார். இன்னொருவர் பேச்சுப் பக்கத்தில் "நல்ல முயற்சி, இன்னும் மேம்படுத்தலாம், வாழ்த்துகள்" என்பார். முன்னவர் மேல் கோபம் வரும், பின்னவர் மேல் வராது. அவ்வளவுதான் வித்தியாசம். கட்டுரை இரண்டு பேராலும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். தொம்லூர்க் கோயிலுக்குத் தமிழில் கட்டுரை வந்தது மகிழ்ச்சி. கருவறைப் படத்தை நீங்களே எடுத்து விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றியிருப்பது கட்டுரைக்குப் பெரிய பலம். முதல் வரியில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். சொக்கநாதர் என்றதும் மதுரை நினைவுக்கு வருவதால் சிவன் கோயில் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இங்கே மூலவர் பெருமாள். கல்வெட்டிலும் சொக்கப்பெருமாள் என்றே வருகிறது. அதை மட்டும் நானே திருத்திவிட்டேன். அடுத்தது, சோழர் கட்டியது என்ற செய்தி. பி. எல். ரைஸ் தொகுத்து 1905இல் வெளிவந்த எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டு நூல்வரிசையின் 9ஆம் தொகுதியில் பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகள் உள்ளன. இக்கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் இருக்கின்றன. அவை 13ஆம் நூற்றாண்டை, போசள மன்னன் வீர இராமநாதன் காலத்தைச் சேர்ந்தவை. சோழர் காலம் என்பதற்கு உங்களிடம் வேறு நூல் இருந்தால் பக்க எண்ணோடு சேருங்கள். இல்லையென்றால் 'இங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை' என்று மாற்றிவிடலாமா? அந்தத் தொகுதி இணைய ஆவணகத்தில் (archive.org) கிடைக்கிறது."

இதில் புகழ்ச்சி ஒரு வாக்கியத்துக்கு மேல் இல்லை. அதுவும் அவர் செய்த ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றியது. ஒரு பிழை காரணத்தோடு திருத்தப்பட்டிருக்கிறது. இன்னொன்று அவர் கையிலேயே விடப்பட்டிருக்கிறது, எங்கே தேடலாம் என்ற வழியோடு. "மிகவும் புகழ்பெற்ற", "அழகிய" ஆகிய அடைமொழிகளைப் பற்றி நான் பேசவே இல்லை. முதல் நாளே ஏழு குறை சொன்னால் ஏழும் காற்றில் போகும். கல்வெட்டுச் செய்தியை அவரே தேடிச் சேர்த்த பிறகு, அந்த அடைமொழிகள் அங்கே ஒட்டாமல் நிற்பது அவர் கண்ணுக்கே படும். படாவிட்டால் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். கலைக்களஞ்சியம் எங்கும் ஓடிவிடாது.

பாதியை நாம் செய்து பாதியை அவருக்கு விடுவது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் நாமே திருத்திவிட்டால் கட்டுரை அன்றைக்குத் தேறிவிடும், எழுதியவர் எதுவும் கற்றிருக்க மாட்டார். காலையில் வந்து, எல்லா மாற்றங்களும் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் தன் வாக்கியம் ஒன்றுகூட மிச்சமில்லை என்பது தெரியும். அது வலிக்கும். எதையும் தொடாமல் குறை மட்டும் சொன்னாலோ, "உனக்குத் தெரிந்தால் நீயே செய்யேன்" என்று அவருக்குத் தோன்றும். அதிலும் நியாயம் இருக்கிறது.

எழுதுவதை விட்டுவிட்ட உங்கள் நண்பரைப் போன்றவர்கள் எல்லா மொழியிலும் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பாகத் தொகுப்பவர்களின், அதாவது எழுதித் திருத்துபவர்களின், எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியது. ஆரன் ஹால்ஃபேக்கரும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கான காரணத்தைத் தேடினார்கள். புதிதாக வருபவர்களில் நல்லெண்ணத்தோடு எழுதுபவர்களின் விகிதம் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. ஆனால் அவர்களுடைய தொகுப்புகள் மீளமைக்கப்படுவது, அதாவது பழைய நிலைக்கே திருப்பப்படுவது, கூடியிருந்தது. விசமத் தொகுப்புகளைப் பிடிப்பதற்காக உருவாக்கிய அரைத் தானியங்கிக் கருவிகள், நல்ல மனத்தோடு வந்து தவறு செய்தவரையும் அதே வேகத்தில் தள்ளிவிட்டன. ஒரு சொடுக்கில் மீளமைப்பு, ஒரு சொடுக்கில் எச்சரிக்கை வார்ப்புரு. முதல் தொகுப்பே இப்படித் திருப்பியடிக்கப்பட்டவர் தங்கும் வாய்ப்பு குறைவு என்பது அந்த ஆய்வின் முடிவு.

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இது இன்னும் பொருந்தும். ஆங்கிலத்தில் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். தமிழிலோ கல்வெட்டு பற்றி ஒருவர், பூச்சிகள் பற்றி ஒருவர், மருத்துவம் பற்றி ஒருவர் என்றுதான் ஆட்கள். ஒருவர் எழுந்து போனால் அந்தத் துறையே பல ஆண்டுகள் தூங்கும். எனவே புதிய தொகுப்புகளின் பட்டியலான அண்மைய மாற்றங்களைக் கண்காணிக்கும் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: மீளமைத்தால் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது வரும் சிறு விளக்கப் பெட்டியில்) காரணத்தை எழுதுங்கள். "மீளமைப்பு" என்பது காரணம் ஆகாது. "இந்த மக்கள்தொகை எண் 2011 கணக்கெடுப்போடு பொருந்தவில்லை, சான்று இருந்தால் மீண்டும் சேர்க்கவும்" என்பது காரணம். தட்டச்சு செய்ய அரை நிமிடம் ஆகும்.

உங்கள் நண்பர் திரும்பி வருவாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் "ஏன் எழுதுவதில்லை?" என்று அவரைக் கேட்காதீர்கள். அவர் கடைசியாக விட்டுப்போன கட்டுரையைத் திறந்து, வார்ப்புரு சுட்டிய குறைகளில் ஒன்றை நீங்கள் சரிசெய்யுங்கள். "இரண்டாவது பத்திக்கு ஒரு நூல் கிடைத்தது, சேர்த்திருக்கிறேன். மூன்றாவது பத்தி உங்களுக்குத்தான் தெரியும்" என்று அவருடைய பயனர் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். தான் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று தெரிந்தால் மனம் இளகும்.

பொறுமை காட்டக் கூடாத இடங்களும் உண்டு. நாளிதழ்ச் செய்தியை அப்படியே படியெடுத்து ஒட்டியிருந்தால் பதிப்புரிமைச் சிக்கல். முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பேச வேண்டும். வாழும் மனிதர் ஒருவரைப் பற்றிச் சான்று இல்லாமல் அவதூறாக ஏதாவது எழுதியிருந்தாலும் அப்படித்தான். அங்கே "மாற்றலாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஆனால் நீக்கிய கையோடு ஏன் நீக்கினோம் என்பதை அவருக்கு எழுதுங்கள். தன் சொற்களில் சுருக்கி எழுதி, செய்தியைச் சான்றாகக் காட்டினால் அதே தகவலைச் சேர்க்கலாம் என்பது பலருக்கு உண்மையிலேயே தெரியாது.

பெங்களூரில் இருந்து எழுதுபவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. இந்த ஊரில் தமிழர் வரலாறு என்று தொட்டாலே உணர்ச்சி மேலே வந்துவிடும். அல்சூர் ஏரி அருகே இருக்கும் திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி எழுத உட்காரும் நம்மவர் பெரும்பாலும் இரண்டாவது வரியிலேயே "வெறியர்கள்" என்று எழுதிவிடுவார். அவரிடம் "நடுநிலை இல்லை" என்று சொன்னால், "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்பார். கொள்கைப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தால் இன்னும் சூடாவார்.

அங்கே நான் செய்வது, அந்தப் பத்தியை அவருக்கு மாற்றி எழுதிக் காட்டுவது. 1991இல் நிறுவப்பட்ட சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 ஆண்டுகள் மூடப்பட்டே இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இதில் ஒரு வசைச் சொல் இல்லை. ஆனால் 18 ஆண்டு என்ற எண்ணைப் படிப்பவருக்கு என்ன தோன்ற வேண்டுமோ அது தோன்றும். "உங்கள் கோபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, தேதிகளைப் போடச் சொல்கிறேன்" என்று எழுதினால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். சர்வக்ஞர் சிலைச் செய்தியை முதலில் அவர்கள் விட்டிருப்பார்கள். அதையும் சேர்த்தால்தான் நிகழ்வு முழுமையாகும் என்பதைக் கன்னடம் தெரிந்த பெங்களூர்த் தமிழர் ஒருவர் சொன்னால் எடுபடும். இரண்டு மொழி நாளிதழ்களையும் படிக்கத் தெரிந்த உங்களைப் போன்றவர்களின் கருத்துக்கு இங்கே மதிப்பு அதிகம்.

மொழி நடை பற்றிய சண்டையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கத்திலிருந்து வளர்த்தவர்களில் ஈழத்தமிழர்கள் பலர். அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவார்கள், நாம் டொராண்டோ என்போம். கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்பது தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் பலமுறை ஓடிய உரையாடல். ஒரு கட்டுரை ஒரு வழக்கில் சீராக எழுதப்பட்டிருந்தால் அதை நம் வழக்குக்கு மாற்றாதீர்கள், அதைப் பற்றிக் கருத்தும் சொல்லாதீர்கள். தன் எழுத்து பிழை என்று சொல்லப்படுவதை யாரும் எளிதில் மறப்பதில்லை. சந்திப் பிழை, ஒற்றுப் பிழைகளைப் பேசாமல் திருத்திவிட்டுச் சிறு தொகுப்பு என்று குறித்துவிடலாம். அதற்கெல்லாம் பேச்சுப் பக்கம் தேவையில்லை.

பலருக்கு ஒரே நேரத்தில் கருத்துச் சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது? தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு அந்த அனுபவம் உண்டு. 2009, 2010 வாக்கில் கூகுள் நிறுவனம் மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிகளில் ஏற்றியது. தமிழிலும் ஏராளமாக வந்து குவிந்தன. தமிழ் வாசகர்கள் தேடாத தலைப்புகள், ஆங்கில அமைப்பில் நீளும் வாக்கியங்கள், எங்கு பார்த்தாலும் இன்னும் எழுதப்படாத கட்டுரைகளைச் சுட்டும் சிவப்பு இணைப்புகள். பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் வராது. வங்காள விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளை ஏற்கவில்லை. தமிழ்ச் சமூகம் அந்தத் திட்டத்தை நடத்தியவர்களோடு பேசும் வழியை எடுத்தது. எந்தத் தலைப்புகள் வேண்டும், எவை வேண்டாம், எந்த வகைப் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஏற்றுமுன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று வகை பிரித்துக் கொடுத்தார்கள். 2010இல் போலந்தின் க்தான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அந்த அனுபவத்தை அறிக்கையாகவே முன்வைத்தார்கள். தரம் முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தக் காலக் கட்டுரைகள் சிலவற்றை இன்றும் துப்புரவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் "தரம் சரியில்லை" என்ற ஒற்றைக் குறையை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் யாராவது செய்து முடிக்கக்கூடிய வேலையாக மாற்றியதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அதே சிக்கல் செயற்கை நுண்ணறிவு வழியாக வருகிறது. நண்பர் ஒருவர் ஒரே மாலையில் நான்கு கட்டுரைகள் ஏற்றியிருக்கிறார், வாக்கியங்கள் வழவழவென்று இருக்கின்றன. "இது நீங்கள் எழுதியதா?" என்று கேட்டால் உறவு கெடும், பதிலும் கிடைக்காது. அடிக்குறிப்புகளில் இரண்டைத் தேர்ந்து தேடிப்பாருங்கள். அந்த நூல் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா? இல்லையென்றால் "இந்த இரண்டு நூல்களையும் தேடினேன், கிடைக்கவில்லை. நீங்கள் எங்கே படித்தீர்கள்?" என்று கேளுங்கள். நூலைப் படித்து எழுதியவர் உடனே சொல்வார். படிக்காதவருக்கு நீங்கள் கேட்டது புரியும்.

பாராட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். 2012இல் மைக்கேல் ரெஸ்டிவோ, ஆர்னவுட் வான் டி ரைட் என்ற இருவர், ஆங்கில விக்கிப்பீடியாவில் மிக அதிகமாகத் தொகுப்பவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அவர்களுடைய பேச்சுப் பக்கத்தில் பதக்கம் வைத்தார்கள். பதக்கம் பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது இவர்களின் பங்களிப்பு 60% கூடியிருந்தது. செருமன் விக்கிப்பீடியாவில் யானா காலஸ் புதியவர்களிடம் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதில் அடையாள விருது பெற்றவர்கள் தொடர்ந்து எழுதுவது 20% கூடியது. காசில்லை, சான்றிதழ் இல்லை, பேச்சுப் பக்கத்தில் ஒரு படமும் இரண்டு வரியும்தான். தமிழில் நாம் பதக்கங்களை ஆயிரமாவது கட்டுரைக்கும் போட்டி முடிவுக்கும் எடுத்துவைக்கிறோம். ஐந்தாவது கட்டுரை எழுதியவருக்குத்தான் அது அதிகம் தேவை. என்ன காரணத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்: "மூன்று கல்வெட்டுகளைத் தேடிப்பிடித்துப் பக்க எண்ணோடு சேர்த்ததற்காக."

வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் எதிரே "நன்றி" என்ற சிறு இணைப்பு இருக்கிறது. 2013இல் வந்த வசதி. அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

நம் கட்டுரைக்கு வரும் கருத்தை எப்படி ஏற்பது என்பது தனிக் கேள்வி. ஒன்று மட்டும்: உடனே மீளமைக்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அந்த எல்லை வரை போக வேண்டிய அவசியமில்லை. ஒருமுறை மாற்றப்பட்டதும் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்றால் அந்தத் துறை தெரிந்த மூன்றாமவர் ஒருவரைப் பெயர் சுட்டி அழையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆலமரத்தடிக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, வாட்சாப். பெங்களூர் நண்பர்கள் குழுவில் நீங்கள் கருத்துகளை அங்கேதான் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லா ஊரிலும் அப்படித்தான் நடக்கிறது. வேகமாக இருக்கும், நெருக்கமாகவும் இருக்கும். ஆனால் மூன்று ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் தொம்லூர்க் கட்டுரைக்கு வந்து, சோழர் என்ற சொல்லை மீண்டும் சேர்க்கப் பார்ப்பார். அது ஏன் எடுக்கப்பட்டது என்பது உங்கள் குழுவுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். "பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன், பாருங்கள்" என்பதை வாட்சாப்பில் சொல்லுங்கள். குறிப்பைப் பேச்சுப் பக்கத்தில் வையுங்கள், முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டுக் கையொப்பத்தோடு. முகம் வாடக்கூடிய செய்தி என்றால் முதலில் தொலைபேசியில் பேசிவிடுங்கள். பேசி முடிவானதை, யாரையும் குறை சொல்லாமல், காரணத்தை மட்டும் மூன்று வரியில் பக்கத்தில் பதியுங்கள். அந்த மூன்று வரியை எழுதியவரையே பதியச் சொன்னால் இன்னும் நல்லது.